பாஷாணம் பார்க்கும் பெட்டி: யாழ்ப்பாணக் கிணத்துக்கு வாங்கலாமா?

பொடி நிரப்பிய மூன்று சிறு போத்தல்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிறத்தில் ஒரு கரண்டி. 100 மில்லிலீற்றரில் கோடு போட்ட இரண்டு சோதனைப் போத்தல்கள். நடுவில் துளை வைத்த மூடி, ஒரு டப்பா தாள் துண்டு, வெள்ளையில் தொடங்கி மஞ்சளாகிக் கபிலத்தில் முடியும் ஒரு நிற அட்டை. கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற பாஷாணம் இருக்கிறதா என்று வீட்டு விறாந்தையிலேயே பார்த்துவிடலாம் என்று சொல்லி விற்கும் பெட்டிக்குள் இருப்பது இவ்வளவுதான். பல பெயர்களில் இணையத்தில் வருகிறது. பெயரும் பெட்டியின் நிறமும் மாறினாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். அதனால் கொம்பனிப் பெயரை விட்டுவிட்டு இந்த வகையைப் பற்றியே இங்கே பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டுக்கு ஒன்று தேவையில்லை. ஒழுங்கைக்கு ஒன்று, சனசமூக நிலையத்துக்கு ஒன்று என்றால் வாங்கலாம், காசுக்கு வேலை செய்யும். ஆனால் யாழ்ப்பாணக் கிணற்றுக்கு முதலில் பார்க்கவேண்டியது நைத்திரேற்று, அதாவது தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் தண்ணீருக்குள் விடும் உப்பு. அதைப் பார்க்காமல் இதை வாங்குவது, கூரை ஒழுகும்போது மதிலுக்குப் பெயின்ற் அடிப்பது மாதிரி.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அதன் போட்டியாளரைப் பார்க்கவேண்டும். பில்ரர் விற்க வருபவர் சட்டைப் பையில் ஒரு பேனை வைத்திருப்பார். தண்ணீருக்குள் விட்டால் இலக்கம் காட்டும். “அக்கா, பாருங்கோ, 640 காட்டுது. இதையே பிள்ளையளுக்குக் குடுக்கிறியள்?” என்பார். அந்தப் பேனை அளப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை, அதுவும் மின் கடத்தலை வைத்து ஒரு மதிப்பீடாக. சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே இருக்கும் யாழ்ப்பாணத்தில் அந்த இலக்கம் உயர்ந்து நிற்பது இயல்பு. கல்சியமும் கறியுப்பும் சேர்ந்தே அதை ஏற்றிவிடும். ஆர்சனிக்குக்கான எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். பேனையின் மிகச் சிறிய படி 1 மில்லிகிராம். அதாவது எல்லையைப்போல் நூறு மடங்கு ஆர்சனிக் கலந்தால்தான் பேனையில் ஒரு இலக்கமாவது அசையும். 640 காட்டும் தண்ணீரில் ஆர்சனிக் துளியும் இல்லாமல் இருக்கலாம், 40 காட்டும் தண்ணீரில் நஞ்சு இருக்கலாம்.

இன்னொரு வித்தையும் உண்டு. இரண்டு கிளாசில் தண்ணீர், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கம்பி, கரண்ட் கொடுத்தால் கிணற்றுத் தண்ணீர் கபில நிறத்தில் குழம்பும், பில்ரர் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். குழம்பி வருவது இரும்புக் கம்பியிலிருந்து கரைந்த கறள். உப்புள்ள தண்ணீரில் கரண்ட் ஓடுகிறது, கம்பி கரைகிறது. உப்பு எடுத்த தண்ணீரில் கரண்ட் ஓடாது, கம்பி அப்படியே இருக்கும். பில்ரர் தண்ணீருக்குள் ஒரு சிட்டிகை கறியுப்புப் போட்டு மறுபடி செய்யச் சொன்னால் விற்பனை அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

பொடிப் பெட்டி அப்படிப்பட்ட வித்தை இல்லை. ஆர்சனிக்கையே பிடித்துக் காட்டும் இரசாயனம் அது, வயதும் அதிகம். ஜேம்ஸ் மார்ஷ் என்பவர் 1836-இல் கொலை வழக்குகளுக்காகச் செய்த சோதனையின் வழி வந்தது. 1879-இல் குட்சைட் அதைத் தாளில் நிறம் பார்க்கும் முறையாக எளிதாக்கினார். அமிலத்தில் நாகத்தூளை (சிங்க் உலோகப் பொடியை) போட்டால் ஐதரசன் வாயு வரும். தண்ணீரில் ஆர்சனிக் இருந்தால் அதுவும் ஐதரசனோடு சேர்ந்து ஆர்சீன் என்ற வாயுவாக மேலே கிளம்பும். மேலே மூடியில் இரச புரோமைட்டு பூசிய தாள் இருக்கும். ஆர்சீன் பட்ட இடம் மஞ்சளாகும், கூடினால் கபிலமாகும். பங்களாதேசத்தில் 2000-க்குப் பிறகு சுமார் 50 இலட்சம் குழாய்க்கிணறுகளை இந்தவகைப் பெட்டிகளால்தான் சோதித்து, கூடியதற்குச் சிவப்பும் குறைந்ததற்குப் பச்சையும் அடித்தார்கள். 14 இலட்சம் அளவில் சிவப்பு.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். பழைய வகை 50 மில்லிலீற்றர் தண்ணீர் எடுப்பது. அட்டையில் லீற்றருக்கு 0, 10, 25, 50, 100, 250, 500 மைக்குரோகிராம் என்று படிகள். 20 நிமிடம் விடச் சொல்லியிருக்கும். 40 நிமிடம் விட்டால்தான் நம்பக்கூடிய நிறம் வரும் என்பது பங்களாதேச அனுபவம். புதிய வகை 100 மில்லிலீற்றர் எடுக்கும், 10-க்குக் கீழேயும் ஒரு படி வைத்திருக்கும், 10 நிமிடத்தில் முடியும். இலங்கையின் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614-இல் எல்லை 10 மைக்குரோகிராம் (மேலே சொன்ன 0.01 மில்லிகிராம்தான்) என்பதால், 0-க்கு அடுத்த படியே 10 ஆக இருக்கும் அட்டை நமக்குக் காணாது. வாங்கினால் இரண்டாவது வகை.

இனிச் செய்முறை. வழிகாட்டித் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், சுருக்கமாகவும் இருக்கும். அதில் சொல்லாமல் விட்டவைதான் நம் தண்ணீரில் காலை வாரும்.

தண்ணீரை மேல்தாங்கியிலிருந்து எடுக்கக்கூடாது. தாங்கியின் அடியில் படியும் மண்ணும் கறளும் ஆர்சனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வரும் தண்ணீர் நல்லது மாதிரித் தெரியும். குழாய்க்கிணறு என்றால் மோட்டரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, தாங்கிக்குப் போகும் முன் பிடிக்கவேண்டும். திறந்த கிணறு என்றால் வாளியால் அள்ளலாம். போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசவேண்டும். பிடித்த உடனே சோதிக்கவேண்டும். இரும்புள்ள தண்ணீரை பின்னேரம் பார்க்கலாம் என்று வைத்தால், இரும்பு மஞ்சளாகப் படியும், ஆர்சனிக்கையும் சேர்த்து அடிக்கு இழுத்துக்கொண்டு போகும். மேல் தண்ணீரைச் சோதித்தால் பூச்சியம் வரும், கிணறு நல்லது என்று எழுதி வைத்துவிடுவோம்.

முதற் பொடி அமிலம், பெரும்பாலும் தாத்தாரிக் அமிலம். கரண்டியைக் குவித்து எடுக்கக்கூடாது, குறைத்தும் எடுக்கக்கூடாது. ஒரு ஈர்க்கால் மேலே வழித்து மட்டமாக்கினால் அளவு ஒவ்வொரு முறையும் ஒன்றாக வரும். போட்டு 15 விநாடி குலுக்கவேண்டும். இங்கேதான் யாழ்ப்பாணத் தண்ணீர் தன் குணத்தைக் காட்டும்: சோடா மாதிரி நுரைக்கும். சுண்ணாம்பு கரைந்த தண்ணீரோடு அமிலம் சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வரும். போட்ட அமிலத்தில் ஒரு பகுதி இதிலேயே செலவாகிறது. கடும் வன்நீர் என்றால் அடுத்த கட்டத்துக்குத் தேவையான புளிப்பு மிஞ்சாது, ஆர்சீன் குறைவாக வரும், தாளில் நிறம் குறைந்து தெரியும். புளிப்பின் அளவை நிறத்தில் காட்டும் பீ.எச். தாள் ஒரு சுருள் வாங்கி வைத்துக்கொண்டு இந்தக் கட்டத்தில் தொட்டுப் பார்ப்பது நல்லது. நல்ல சிவப்புக்கு வரவில்லை என்றால், அதே தண்ணீரில் பாதியும் காய்ச்சி வடித்த நீரில் பாதியும் கலந்து புதிதாகச் செய்து, கிடைத்த அளவை இரண்டால் பெருக்கவேண்டும். நுரை அடங்கும் வரை மூடியைத் திறந்தே வைக்கவேண்டும். அவசரப்பட்டு மூடினால் பிறகு நுரை எழுந்து தாளை நனைக்கும். நனைந்த தாளில் வரும் நிறத்துக்கு ஒரு பொருளும் இல்லை.

இரண்டாம் பொடி ஒட்சியேற்றி. இது ஐதரசன் சல்பைட்டை, அதாவது கூழ்முட்டை மணத்தை, அழிப்பதற்கு. அந்த வாயு தாளில் பட்டால் ஆர்சனிக் இல்லாமலே நிறம் வரும். போட்டுக் குலுக்கி 2 நிமிடம் விடச் சொல்லியிருக்கும். அந்த 2 நிமிடத்தைத்தான் ஆட்கள் களவெடுப்பது. பிறகும் மணம் போகவில்லை என்றால் மேலே சொன்னபடி பாதிக்குப் பாதி கலந்து செய்யவேண்டும்.

மூன்றாவது நாகத்தூள். போட்டதும் 5 விநாடி மட்டும் குலுக்கி, தாள் வைக்கும் மூடிக்கு மாற்றவேண்டும். தாளில் பூச்சு உள்ள பக்கம் துளையைப் பார்க்கவேண்டும், எதிர்ப்பக்கம் பார்த்தால் நல்ல தண்ணீர் என்றே காட்டும். போத்தலை அசைக்காமல் 10 நிமிடம் விடவேண்டும். இந்தப் பெட்டிகள் 22 முதல் 28 பாகை வெப்பத்துக்குச் செய்தவை. சித்திரை மதியத்தில் முற்றத்தில் வைத்தால் வாயு பொங்கி வரும், அட்டையோடு ஒப்பிட முடியாது. காலை 7 மணி, நிழல், காற்றோட்டம். ஐதரசன் எரியக்கூடியது, பக்கத்தில் குத்துவிளக்கோ அடுப்போ சிகரட்டோ இருக்கக்கூடாது. ஆர்சீன் கொடிய நஞ்சுதான். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 100 மைக்குரோகிராம் செறிவில் இருந்தாலும் வெளிவரக்கூடிய ஆர்சனிக் மொத்தம் 10 மைக்குரோகிராம்தான். பயந்து ஓடத் தேவையில்லை, போத்தலுக்கு மேலே மூக்கை வைக்கவும் தேவையில்லை.

நேரம் முடிந்ததும் தாளை எடுத்து 30 விநாடிக்குள் பார்த்துவிடவேண்டும். வெளிச்சத்தில் பார்க்கலாம், நேர் வெயிலில் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் எழுதுவது நல்ல பழக்கம். 5-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம் பழைய காகிதத்தின் மங்கலுக்கும் கொஞ்சம் கூடிய மங்கலுக்கும் உள்ளதுதான். மஞ்சள் என்று கண்ணில் பட்டாலே ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டியது என்று வைத்துக்கொண்டால் தர்க்கமில்லை. 50-க்கும் பூச்சியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தப் பெட்டி தெளிவாகச் சொல்லும். 8-க்கும் 12-க்கும் உள்ளதைச் சொல்லாது, அதைச் சொல்லும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும்.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வெறுஞ்சோதனை கட்டாயம். கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாகப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வைத்து அதே மூன்று பொடியையும் போட்டுப் பார்க்கவேண்டும் (கடையில் பற்றரி அமிலமும் இருக்கும், போத்தலை மாற்றி எடுத்துவிடாதீர்கள்). தாள் வெள்ளையாகவே நிற்கவேண்டும். மஞ்சளானால் நாகத்தூளிலேயே ஆர்சனிக் கலப்பு இருக்கிறது, அல்லது தாள் பழசு. மலிவுப் பெட்டிகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்.

நிறம் வந்தால் என்ன ஆபத்து என்பதை அளவோடு பேசவேண்டும். வெள்ளைப் பாஷாணம் என்ற ஆர்சனிக் ஒட்சைட்டு 100 முதல் 300 மில்லிகிராம் ஒரேயடியாக உள்ளே போனால் உயிர் போகலாம். வாந்தி, வயிற்றுவலி, கழுநீர் மாதிரிப் பேதி, மூச்சில் உள்ளி மணம், இதயத் துடிப்புக் குழப்பம், பிழைத்தால் சில கிழமையில் கைகால் விறைப்பு, நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு. கிணற்றுத் தண்ணீர் அப்படிச் செய்யாது. 50 மைக்குரோகிராம் உள்ள தண்ணீரில் 2 லீற்றர் குடித்தால் நாளுக்குப் போவது 100 மைக்குரோகிராம், அதாவது கொல்லும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. சுவையில்லை, மணமில்லை, நிறமில்லை. அதைத் தினமும் குடிப்பதில்தான் கேடு.

தோலில் தெரிவதற்கே குறைந்தது ஐந்து வருடம் அளவில் செல்லும். முதலில் நெஞ்சிலும் முதுகிலும் கருமையும் வெளிர் புள்ளியும் கலந்து வரும். புழுதி முற்றத்தில் முதல் மழைத்துளிகள் விழுந்த மாதிரி இருக்கும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிசிமணி போன்ற தடிப்புகள், தொட்டால் கரகரப்பு. தோட்டவேலை செய்யும் கைக்குத் தடிப்பு இயல்பு என்று விட்டுவிடுவார்கள். மண்வெட்டி பிடித்த தடிப்பு பிடி அழுத்தும் இடத்தில் மட்டும் இருக்கும், இது உள்ளங்கை முழுக்கச் சிதறி, இரண்டு கையிலும் ஒரே மாதிரி, காலிலும் இருக்கும். தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய்களுக்கு ஆர்சனிக் காரணம் என்பது உறுதியானது. இதயநோய், நீரிழிவு, கருவிலிருக்கும் பிள்ளைக்கும் சிறு பிள்ளையின் அறிவு வளர்ச்சிக்கும் கேடு என்பவையும் உண்டு.

சிலி நாட்டின் அன்டோபகஸ்ரா நகரத்துக்கு 1958 முதல் 1970 வரை குழாயில் வந்த தண்ணீரில் லீற்றருக்கு 850 மைக்குரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தது. பிறகு சுத்திகரிப்பு நிலையம் வந்து அளவு விழுந்தது. நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சாவுகள் மட்டும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் இறங்கவில்லை. பங்களாதேசத்தில் 1970-களில் குளத்துத் தண்ணீரின் வயிற்றோட்டத்திலிருந்து காப்பாற்றவென்று நல்ல மனத்தோடு தோண்டிய குழாய்க்கிணறுகளில் 1993-இல்தான் ஆர்சனிக்கைக் கண்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்ததால் இருபது வருடம் ஒருவரும் கேட்கவில்லை.

நமக்கு எவ்வளவு தூரம்? பக்கத்தில் மன்னார்த் தீவின் மணற்பாங்கான ஆழமில்லாத நிலத்தடி நீரில் ஆர்சனிக் கூடுதலாக இருப்பது பற்றி 2018-இல் ஆய்வு வெளிவந்திருக்கிறது. அதனால் வடக்கில் இது வெறும் புத்தகக் கேள்வி இல்லை. ஆனால் ஆர்சனிக் நிலத்திலிருந்து வெளிவரும் வழக்கமான வழி வேறு. மண்ணுக்குள் உக்கும் பொருள் நிறைந்து ஒட்சிசன் தீர்ந்துபோனால், மணலில் ஒட்டியிருக்கும் இரும்புக் கறள் கரையும், கறளில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் சேர்ந்து கரையும். வலிகாமத்துச் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் ஓடும் தண்ணீர் பெரும்பாலும் காற்றுப்பட்ட தண்ணீர். அதோடு தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியும் கொட்டிய நைத்திரேற்று அதில் நிறைய. நைத்திரேற்று இருக்கும் வரை கறள் இலகுவில் கரையாது. நமக்குப் பெரிய தலையிடியான அதே நைத்திரேற்று இந்த ஒரு விசயத்தில் காவல் நிற்கிறது. அதைப் பார்த்துச் சந்தோசப்பட ஒன்றுமில்லை. பால்மாக் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் இரத்தம் ஒட்சிசன் காவமுடியாமல் நீலம் பாரிக்கும்.

ஆகவே பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கே முதலில் போகவேண்டும் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. கடனீரேரிக் கரையோரம், சதுப்புப் பக்கம், மணற்பாங்கான இடங்கள். வாளியில் விட்டு வைத்தால் மஞ்சளாகும் தண்ணீர். கூழ்முட்டை மணம் அடிக்கும் தண்ணீர். புதிதாக ஆழமாக இறக்கிய குழாய்க்கிணறு. பழைய பூச்சிகொல்லி மருந்துக் கொட்டில் இருந்த வளவு. இவற்றுக்குப் பிறகுதான் மற்றக் கிணறுகள். ஒருதரம் புரட்டாதிக் கடைசியில், கிணறு வற்றி நிற்கும்போது. இன்னொருதரம் மாரி முடிந்து தை மாசத்தில். இரண்டும் பூச்சியம் என்றால் அந்தக் கிணற்றைச் சில வருடத்துக்கு விட்டுவிடலாம்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நாட்களிலிருந்து இங்கே ஆட்களுக்கு ஆய்வுகூட அறிக்கை வாசிக்கும் பழக்கம் ஓரளவு வந்துவிட்டது. ஆர்சனிக் அறிக்கையில் தடுக்கி விழும் இடம் அலகு. லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், 10 மைக்குரோகிராம், 10 பீ.பீ.பீ. என்று மூன்று மாதிரி எழுதுவார்கள், மூன்றும் ஒன்றுதான். மாதிரியைக் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கவேண்டும்: ஆர்சனிக் பார்ப்பீர்களா, உங்கள் கருவி காணக்கூடிய மிகக்குறைந்த அளவு என்ன? வழக்கமான தண்ணீர்ச் சோதனைப் பட்டியலில் ஆர்சனிக் பெரும்பாலும் இராது, தனியாகக் கேட்கவேண்டும். கருவியின் கீழ் எல்லையே 10 என்றால், “காணப்படவில்லை” என்ற வரி 9-ஐயும் மறைக்கும். அனுப்பும் மாதிரிக்கு நைத்திரிக் அமிலம் சில துளி விட்டு பீ.எச். 2-க்குக் கீழே கொண்டுவரவேண்டும். அமிலம் விட்ட போத்தலை ஆய்வுகூடமே தந்தால் அதுதான் நல்லது. அந்தப் போத்தலை அலசக்கூடாது.

தண்ணீரில் காணாமல் உடம்பில் தேடுபவர்களுக்கும் ஒன்று. சிறுநீரில் ஆர்சனிக் பார்ப்பது கடந்த இரண்டு மூன்று நாளின் கணக்கு. நண்டுக்கறியோ இறாலோ, கடலுணவு போட்ட ஒடியல் கூழோ சாப்பிட்டுவிட்டுப் போய்க் கொடுத்தால் இலக்கம் பல மடங்கு ஏறி வரும், வீடே கலங்கும். கடலுணவில் இருப்பது பெரும்பாலும் ஆர்சனோபீட்டெயின், உடம்பைத் தொடாமல் அப்படியே வெளியே போய்விடும். மூன்று நாலு நாள் கடற்சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கொடுக்கவேண்டும், அல்லது வகை பிரித்துப் பார்க்கும் சோதனை கேட்கவேண்டும். அப்படியும் கூடுதல் என்று வந்து, தண்ணீரும் சுத்தம் என்றால், பெயரில்லாத பொட்டலத்தில் வாங்கிய பொடி மருந்து ஏதும் உண்டா என்று விசாரிக்கவேண்டும். தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் எல்லாம் ஆர்சனிக் சேர்மங்களே. அவற்றைச் சுத்திசெய்யும் முறை தெரியாதவர் கையில் மருந்து நஞ்சாகும்.

ஆய்வுகூடமும் 10-க்கு மேல் என்று உறுதிசெய்தால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு தண்ணீர். மழைநீர்த் தொட்டி, பவுசர், சபையின் குழாய், எது கிட்டுகிறதோ அது. குளிக்க, உடுப்புத் தோய்க்க அதே கிணறு போதும், தோல் வழியே போவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. கொதிக்கவைப்பது கேட்டையே கூட்டும்: 10 கோப்பை கொதித்து 5 ஆனால் செறிவு இரண்டு மடங்கு. மண் மெழுகுதிரி பில்ரர், ஊதாக்கதிர் விளக்கு, வெறுங்கரி எதுவும் இதற்கு உதவாது. மென்சவ்வு வழியே தண்ணீரைத் தள்ளி வடிக்கும் ஆர்.ஓ. பில்ரர் உதவும், ஒரு நிபந்தனையோடு. ஆர்சனிக் தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஐந்து வலுவளவு கொண்டது மின்னேற்றம் உள்ளது, மென்சவ்வு அதை நன்றாகத் தடுக்கும். மூன்று வலுவளவு கொண்டது ஏற்றமில்லாதது, அதில் ஒரு நல்ல பங்கு நழுவிப் போய்விடும். காற்றுப்படாத குழாய்க்கிணற்றில் அதிகம் இருப்பது இந்த நழுவும் வடிவம். குளோரீன் விட்டு அரை மணி நேரம் வைத்தால் அது தடுக்கக்கூடிய வடிவுக்கு மாறும். ஆனால் குளோரீன் மென்சவ்வைத் தின்னும், அதனால் இடையில் கரி உருளை கட்டாயம். குளோரீன், கரி, பிறகு மென்சவ்வு என்ற ஒழுங்கு மாறினால் காசு வீண். இரும்பு ஒட்சைட்டு நிரப்பிய உருளைகள் இரண்டு வடிவையும் பிடிக்கும், நிரம்பியதும் சொல்லாமல் விட்டுவிடும்.

பொடிப் பெட்டி தன் விலைக்கு முழுவதாக வேலை செய்வது இந்த இடத்தில். பில்ரருக்கு முன் ஒரு போத்தல், பின் ஒரு போத்தல், பக்கத்தில் பக்கமாக, மூன்று மாசத்துக்கு ஒருதரம். முன் தாள் மஞ்சள், பின் தாள் வெள்ளை என்றால் உருளை உயிரோடு இருக்கிறது. இரண்டும் மஞ்சளானால் மாற்றவேண்டிய நாள். பில்ரர் விற்பவரின் பேனை இந்தக் கேள்விக்கு ஒருநாளும் பதில் சொல்லாது.

சோறு பற்றியும் கேட்பார்கள். நல்ல தண்ணீரை நிறைய விட்டுக் கஞ்சி வடித்தால் அரிசியில் இருக்கும் ஆர்சனிக் கணிசமாகக் குறையும், குக்கரில் அளவாக விட்டு வற்றவைத்தால் குறையாது. கிணற்றிலேயே ஆர்சனிக் என்றால் வடித்தும் பயனில்லை, சோறு அதை உறிஞ்சும்.

விலையை எழுதுவதில் பயனில்லை, டொலரோடும் தீர்வையோடும் மாதத்துக்கு ஒன்று சொல்வார்கள். 5 சோதனைக்கு, 50-க்கு, 100-க்கு என்று வரும், பெரியதில்தான் ஒரு சோதனையின் செலவு இறங்கும். ஆனால் 100 சோதனையை ஒரு வீட்டில் முடிக்கமுடியாது, கடற்காற்றில் பொடி கட்டிபட்டுவிடும். ஒழுங்கைக்கு ஒன்று என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். வாங்கும்போது காலாவதித் திகதி ஒன்றரை வருடமாவது தள்ளி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தாள் டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இருக்கவேண்டும். பாவிக்காத தாள் ஏற்கெனவே மங்கல் மஞ்சள் என்றால் திருப்பி அனுப்பவேண்டும்.

பாவித்த தாளில் இரசம் இருக்கிறது. அதை வளவுக் குப்பையோடு சேர்த்து எரித்தால் புகையோடு எழும்பும், கிணற்றடியில் எறிந்தால் சோதித்த தண்ணீருக்கே போகும். மூடியுள்ள ஒரு கண்ணாடிப் போத்தலில் சேர்த்து, மேலே “இரசம்” என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். நிரம்பியதும் எங்கே கொடுப்பது என்று பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். சோதித்து முடிந்த அமிலத் தண்ணீருக்குள் ஒரு பிடி சுண்ணாம்பு போட்டு நுரை அடங்கியபின், கிணற்றிலிருந்து தள்ளி ஊற்றவேண்டும். போத்தல்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் வெறுந்தண்ணீரால் அலசவேண்டும். சவர்க்காரம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அடுத்த சோதனையில் நுரை தாள் வரைக்கும் ஏறும்.